கன்று நட்டது போதும், குளங்களைக் கணக்குக் காட்டுங்கள்

ஒவ்வொரு கார்த்திகையிலும் வடக்கில் மரக்கன்று நடுகிறார்கள். மாகாண சபை இயங்கிய காலத்தில் அதை மரநடுகை மாதமாகவே அறிவித்தது. நல்ல காரியம், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் காலநிலை மாற்றத்துக்கு வட மாகாண நிர்வாகம் என்ன செய்தது என்று கேட்டால் கன்றும் கருத்தரங்கும் பதாகையும்தான் விடையாக வருகின்றன. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காலநிலை என்றால் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காப்பதில் மாகாணம் தவறிவிட்டது.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத நிலம் இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்து முடிந்துவிடும். அந்த மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின்மேல் பாலாடை போல மிதக்கிறது. நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைப் பாடசாலைப் பிள்ளைகூட அறியும். நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலுள்ள உவர் ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. கடல்மட்டம் உயர உயர இந்த ஆடை இன்னும் மெலியும்.

பங்குனி சித்திரையில் கரையை அண்டிய வெங்காயத் தறை ஒன்றில் போய் நின்று பாருங்கள். இறைத்த மறுநாள் வாய்க்கால் வரம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். தாள் நுனி மஞ்சளித்துக் கருகியிருக்கும். தோட்டக்காரர் அதைக் கிள்ளி, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார். தீவகத்திலோ கான்களை ஒழுங்கையில் வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் பவுசருக்குக் காத்திருப்பார்கள்.

இதே மண்ணில்தான் 2008 நவம்பரில் நிஷா புயல் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் கொட்டியது. பின்னர் புரேவி, பெங்கல், டித்வா. மாரி முழுக்கப் பரவிப் பெய்யவேண்டிய மழை இரண்டு மூன்று நாளில் வந்து விழுகிறது. அதை வாங்கி வைப்பதற்குத்தான் முன்னோர் ஊருக்கு ஊர் குளமும் கேணியும் துரவும் வெட்டி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு ஓட வாய்க்காலும் விட்டார்கள். இன்று வாய்க்காலின்மேல் மதில் நிற்கிறது, குளத்துக்குள் குப்பை கொட்டப்படுகிறது. மழைநீர் வீட்டுக்குள் புகுந்து, வீதியை அறுத்து, கடலுக்கு ஓடிவிடுகிறது. ஆறு மாதம் கழித்துக் கிணறு உவர்க்கிறது.

தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி திறக்கப்பட்டது. தேவைதான். ஆனால் அது தோட்டக் கிணற்றை நிரப்பாது.

அதிகாரம் இல்லை என்று சொல்ல வேண்டாம். 13ஆம் திருத்தத்தில் மாகாணங்களுக்குரிய பட்டியலில் சுற்றாடல் பாதுகாப்பும் இருக்கிறது. அதை வைத்துத்தான் வடமேல் மாகாணம் 1990இலேயே சொந்தச் சுற்றாடல் நியதிச்சட்டம் இயற்றித் தனக்கென அதிகார சபையும் அமைத்துக்கொண்டது. உரிமைக்காக இத்தனை இழந்த வடக்குக்கு அப்படியொரு சபை இன்றுவரை இல்லை. 2013 முதல் 2018 வரை இருந்த மாகாண சபை நானூறுக்கும் மேற்பட்ட தீர்மானங்களை நிறைவேற்றியது. சுற்றாடலுக்கென அமைச்சரும் இருந்தார். அந்த ஐந்து ஆண்டுகளை வீணாக்கியவர்கள் இன்று மேடையேறி மண்ணைப் பற்றிப் பேசும்போது மனம் கொதிக்கிறது. 2018 ஒக்டோபர் முதல் தேர்தலே வைக்காமல் ஆளுநரைக் கொண்டு ஆளும் கொழும்பின் குற்றம் அதைவிடப் பெரிது. அதற்காக ஆளுநர் செயலகம் கைகட்டி நிற்க முடியாது. மாகாண நீர்ப்பாசனத் திணைக்களமும் உள்ளூராட்சித் திணைக்களமும் அதன் கையில்தான் இருக்கின்றன. மாகாண சபை இல்லாமலே செய்யலாம் என்பதற்கு 2021இல் யாழ். மாநகர சபை புனரமைத்த ஆரியகுளம் கண்முன் கிடக்கிறது.

மண்டைதீவின் தாழ்நிலத்தில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி அடிக்கல் நாட்டினார்கள். ஈரநிலத்தையும் கண்டலையும் காட்டிச் சூழலியலாளர் எச்சரித்தார்கள். மாகாண நிர்வாகம் அவர்களுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

ஆளுநர் செயலகத்திடம் கேட்கிறோம். குடாநாட்டிலுள்ள ஒவ்வொரு குளத்தின் பெயரையும் பரப்பையும் எல்லையையும் இப்போது அது யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் பிரதேச செயலகம் வாரியாக வெளியிடுங்கள். அடைத்தவர் எவராயினும், அரச திணைக்களமே ஆயினும், வாய்க்காலைத் திறந்துவிடச் செய்யுங்கள். மணற்காட்டு மணலையும் தென்மராட்சிச் சுண்ணக்கல்லையும் ஏற்றிப் போகும் டிப்பர்களின் அனுமதிப் பத்திரங்களைப் பகிரங்கப்படுத்த உரிய திணைக்களங்களை வற்புறுத்துங்கள். தொண்டைமானாறு, அரியாலை உவர்த் தடுப்பணைகளின் கதவுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிக்கை தாருங்கள். இவையெல்லாம் ஒக்டோபர் மழைக்கு முன் முடிய வேண்டிய வேலைகள். அடுத்த கார்த்திகையில் கன்றோடு வரும்போது அந்தக் குளப் பட்டியலையும் கொண்டுவாருங்கள்.