நாய் உங்களுடையது, மலை ஊருடையது

பிறருக்கு உபதேசம் செய்வது பத்திரிகாசிரியனுக்குத் தொழில். தான் உபதேசம் கேட்டுக்கொள்வது அபூர்வம். சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலம், மேலூர்த் தாலுக்காவைச் சேர்ந்த அரிட்டாபட்டிக் குன்றின் அடியில், ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவரிடம் நாம் ஒரு பாடம் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அதை வாசகர்களிடமிருந்து மறைப்பது நியாயமன்று.

நம் வீட்டில் வளரும் சிப்பிப்பாறை நாயுடன் நடக்கச் சென்றிருந்தோம். சொன்ன சொல் தட்டாத பிராணி என்ற இறுமாப்பினால் கயிற்றை அவிழ்த்து விட்டோம். புதரடியிலிருந்து ஒரு முயல் கிளம்பிற்று. அதன் பின்னே நாய் ஓடிற்று. நாயின் பின்னே நம் குரல் ஓடிற்று. நாய் முயலை எட்டவில்லை. நம் குரல் நாயை எட்டவில்லை. கௌதாரிகள் சிதறின; ஆட்டு மந்தை கலைந்தது. அரை மணி நேரத்திற்குப் பின், காலில் முள் தைத்து, நாக்குத் தொங்க, நாய் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஆடுகளைத் திரட்டிக்கொண்டே அம்முதியவர், “நாய் உங்களுடையது, சாமி, மலை ஊருடையது” என்றார். நியாயஸ்தலங்களில் பல வருஷம் வாதாடிய நமக்கு அதற்கு எதிர்வாதம் ஒன்றும் தோன்றவில்லை.

அந்த மலை எத்தகைய மலை? பழந்தமிழ்க் கல்வெட்டும், சமண முனிவரின் கற்படுக்கைகளும், குடைவரைக் கோயிலும் உள்ள இடம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறுகளும் ராஜாளிகளும் பாறை இடுக்குகளில் தங்கும். தேவாங்கும் எறும்புத்தின்னியும் அங்கு வாழ்கின்றன. டங்ஸ்டன் சுரங்கத்திற்காக இவ்வட்டாரம் ஏலம் விடப்பட்ட செய்தி 2024 நவம்பரில் வெளியானபோது, மேலூர்ச் சீமை கொதித்தெழுந்தது. 2025 ஜனவரியில் ஜனங்கள் மதுரைக்குத் திரண்டு வந்தனர். அம்மாதத்திலேயே மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்துச் செய்தது. அந்த வெற்றியைக் கொண்டாடிய நாமே, அந்த மலையில் நம் நாயை அவிழ்த்து விட்டோம்! பெரிய கம்பெனியிடமிருந்து மலையைக் காக்கக் கூட்டம் கூடினால் போதும். நம்மிடமிருந்தே அதைக் காக்க ஒவ்வொருவரும் தனித்தனியே தம்மை அடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது வேலையே கடினமானது.

பிழை நாயினுடையதன்று. சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் முதலிய நம் நாட்டு ஜாதிகள் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை. இராஜபாளையம் நாயின் உருவம் 2005-ல் இந்தியத் தபால் தலையிலும் இடம் பெற்றது; நமக்கு அதில் பெருமையுண்டு. ஆனால், சிப்பிப்பாறை போன்றவை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை. அசையும் பொருளைக் கண்டபின் எஜமானன் குரல் அவற்றின் காதில் ஏறுவதில்லை. வீட்டு முற்றத்தில் கண்ட கீழ்ப்படிதலைக் காட்டிலும் எதிர்பார்ப்பது எஜமானனுடைய அறியாமை.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்ற சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில், கொல்வதை மட்டும் கூறவில்லை. துரத்துவதையும் விரட்டுவதையும், அவற்றிற்கான முயற்சியையும் சேர்த்தே கூறுகிறது. வேண்டுமென்றே நாயை ஏவுகிறவன், “ஒன்றையும் கொல்லவில்லையே!” என்று சொல்லித் தப்ப முடியாது. ஏவாமல் அவிழ்த்து விட்டவன் சட்டத்திற்குத் தப்பினாலும் தன் மனச்சாட்சிக்குத் தப்புவானா?

கண்ணுக்குத் தெரியாத அபாயம் ஒன்றும் உண்டு. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் 1994-ல் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் நோயால் மாண்டது. சுற்றுக் கிராமங்களின் நாய்களிலிருந்தே அது பரவியிருக்க வேண்டுமென்று அறிஞர் கருதினர். 2018-ல் நமது கிர் வனத்தில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றுட் சிலவற்றில் இதே கிருமி காணப்பட்டது. இந்நோய்க்கும் வெறிநோய்க்கும் தடுப்பூசி உண்டு. அதைப் போடாமல் நாயைக் காட்டுப் பாதைக்கு அழைத்துச் செல்வது காட்டுக்கும் துரோகம், நாய்க்கும் துரோகம்.

“ஆட்டிடையன் நாய் அவிழ்ந்துதானே திரிகிறது? தெரு நாய்கள் மலையேறவில்லையா?” என்று சிலர் கேட்கலாம். இடையன் நாய்க்கு வேலையுண்டு; அதன் கண் மந்தையின்மேல் இருக்கிறது. தெரு நாய்களைக் கட்டுப்படுத்துவது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை; அதை அவை செய்யும்படி வற்புறுத்துவோம். ஆயின் அடுத்தவன் கடமை தவறினான் என்பது நம் கடமைக்கு விடுதலைச் சீட்டு ஆகாது.

ஆகவே நாம் கூறுவது இதுதான். நாயுடன் நடப்பது நல்ல பழக்கம். அதை விட வேண்டியதில்லை. கயிறு கையை விட்டு நீங்கலாகாது. சரணாலயங்களிலும் ரிசர்வ் காடுகளிலும் அநுமதியின்றி நுழையலாகாது. வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும். பாறை சுட்டால் செருப்பணிந்த நமக்குத் தெரியாது, வெறுங்காலுடைய நாய்க்குத் தெரியும். அதற்கும் சேர்த்துத் தண்ணீர் கொண்டு போக வேண்டும். வீடு திரும்பியதும் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும். எந்தப் பாதையில் நாயை அழைத்துச் செல்லலாம், எதில் கூடாது என்று வன இலாகாவும் பஞ்சாயத்துகளும் நல்ல தமிழில் பலகை எழுதி வைக்க வேண்டும்.

தருமபுத்திரர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையை நாமெல்லோரும் அறிவோம். அந்த நாய் கடைசி வரையில் அவர் பின்னே நடந்தது. முன்னே ஓடிப் பிற உயிர்களைக் கலக்கவில்லை. நம் நாய் அவ்விதம் நடக்கக் கற்கும் வரையில் கயிறு வேண்டும். அந்தக் கயிற்றின் ஒரு நுனி நாயின் கழுத்தில் இருக்கிறது. மறு நுனி நம் கையில் இருக்கிறது. சுயராஜ்யம் என்பதற்குத் தன்னைத் தானே ஆளுதல் என்று பொருள் கூறி வந்த நாம், அந்த மறு நுனியை நழுவ விடலாமா?