சாவி வாசலில் தொங்குகிறது, பூட்டு எங்கே?



ஜொகூரில் நானறிந்த தமிழ்ப்பள்ளி வட்டாரங்களில் ஒரு புதிய ஆர்வம் பரவி வருகிறது. வருகைப் பதிவு, தேர்வுப் புள்ளிகள், பெற்றோர் ஆசிரியர் சங்கச் சந்தா ஆகியவற்றுக்கு நம்மவர்களே செயலி எழுதுகின்றனர். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு மாலைப்பொழுதில் நிரல் கிடைத்துவிடுகிறது. இந்த ஆர்வத்தை வரவேற்கிறேன். ஆனால், பூட்டில்லாத தரவுத்தளத்தில் நம் பிள்ளைகளின் விவரங்களைக் கொட்டும் துணிச்சலைக் கண்டிக்கிறேன்!

நான் கண்ட செயலிகளுக்கு அடித்தளம் சூபாபேஸ். இந்நிறுவனம் 2020இல் தொடங்கியது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை இது நமக்கு இணையவழி தருகிறது. தரவுத்தளம் என்றால் அஞ்ச வேண்டாம். நம் வருகைப் பதிவேட்டைப் போன்ற அட்டவணைகள்தாம். ஒரு மாணவருக்கு ஒரு வரிசை, அவ்வளவே.

முன்பெல்லாம் உலாவிக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே நாமே எழுதிய வழங்கி நிரல் ஒன்று காவலாளிபோல் நிற்கும். இப்போது ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதும். 'ஃப்ரம்' என்று அட்டவணையின் பெயரையும் 'செலக்ட்' என்று வேண்டிய பத்திகளையும் சொன்னால், உலாவியே கேட்டு வாங்கிவிடும். அதற்கான பொதுச் சாவி பக்கத்தின் நிரலிலேயே இருக்கும். எஃப்12 விசையை அழுத்தத் தெரிந்த எவரும் அதை எடுக்கலாம். இது பிழையன்று, அமைப்பே அப்படித்தான். சாவி வாசலில் தொங்கும், பூட்டு தரவுத்தளத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே அதன் ஏற்பாடு.

அந்தப் பூட்டுக்கு வரிசைவாரிப் பாதுகாப்பு என்று பெயர் சொல்லலாம். 2016 சனவரியில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பிலிருந்தே அது உண்டு. ஆனால் தரவுத்தளம் அதைத் தானாக இயக்குவதில்லை. அட்டவணைதோறும் நாம்தான் இயக்க வேண்டும். யார் எந்த வரிசையைக் காணலாம் என்று விதி எழுத வேண்டும். நம்மவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

இதைச் சொன்னால் மூன்று மறுமொழிகள் வருகின்றன.

"நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல் வைத்திருக்கிறோமே!" என்பது முதலாவது. ஐயா, அது திரையை மட்டுமே மறைக்கும். நிரலில் 'என் வகுப்பு மட்டும்' என்று வடிகட்டியிருந்தாலும், அந்த வடிகட்டி கேட்பவரின் கணினியில் இருக்கிறது. அவர் அதை நீக்கிவிட்டுக் கேட்டால் பள்ளி முழுவதும் வந்து விழும்.

"சிறிய பள்ளி, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்பது இரண்டாவது. 2025 மே மாதம் வெளியான ஓர் ஆய்வில், லவபிள் என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியால் உருவான 1,645 திட்டங்கள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 170இல் இந்த வரிசைப் பாதுகாப்பு இல்லை, அல்லது போதவில்லை. பிழை கருவியினுடையதா, பயன்படுத்தியவருடையதா என்ற வாதம் எழுந்தது. யாருடையதாயினும், திறந்து கிடந்த வீடுகளைக் கண்டுபிடித்தது தானியங்கித் தேடல். அதற்குச் சிறியது பெரியது தெரியாது.

"சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது" என்பது மூன்றாவது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது என்பது உண்மையே. அது வணிகப் பரிமாற்றங்களுக்கானது. அதனால் என்ன? பிள்ளையை நம்பி அனுப்பும் தாய், சட்டப் பிரிவைப் பார்த்தா அனுப்புகிறார்?

இழப்பின் அளவையும் எண்ணிப் பாருங்கள். நம் 12 இலக்க அடையாள எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், ஜொகூருக்கு 01 போல. கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஏழு வயதுப் பிள்ளையின் அடையாள எண் கசிந்தால் எதை மாற்றுவது? 2017இல் இந்நாட்டில் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசிக் கணக்குகளின் விவரங்கள் கசிந்ததை மறந்துவிட்டோமா? தும்பை விட்டு வாலைப் பிடிப்பதில் பயனில்லை.

ஆகவே, பள்ளிச் செயலி எழுதும் ஆசிரியர்கள் இவற்றைச் செய்யாமல் ஒரு மாணவர் பெயரைக்கூட ஏற்றலாகாது என்பேன்:

1. எல்லா அட்டவணைகளிலும் வரிசைவாரிப் பாதுகாப்பை இயக்குங்கள். இயக்கி, விதி எழுதாவிட்டால் பொதுச் சாவிக்கு ஒரு வரிசையும் கிட்டாது. அதுவே சரியான தொடக்கம்.

2. ஆசிரியருக்குத் தம் வகுப்பு, பெற்றோருக்குத் தம் பிள்ளை என விதி எழுதுங்கள்.

3. விதிகளைத் தாண்டிச் செல்லும் மறைச்சாவியை உலாவி நிரலில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

4. கணக்கிலிருந்து வெளியேறி, பொதுச் சாவியை மட்டும் கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வந்தாலும் செயலி ஆயத்தமாகவில்லை.

5. வருகைப் பதிவுக்கு அடையாள எண் எதற்கு? தேவையற்றதைக் கேட்காதீர்கள்.

பெற்றோர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் செயலியின் அழகைப் பாராட்டுங்கள். பாராட்டிய பின், "என் பிள்ளையின் வரிசையை வேறு யார் பார்க்க முடியும்?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை படிவத்தை நிரப்பாதீர்கள்.