காயத்துக்கு ஏது இனம்?



யுத்த காலத்தில் எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு கேள்வி நன்றாக நினைவிருக்கும். எங்கேயோ வெடிச்சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் "நாலு பேருக்குக் காயமாம்" என்று செய்தி வரும். உடனே வாசலில் நிற்பவர்கள் கேட்பார்கள்: "ஆரு ஆக்கள்?"

காயம் பெரிதா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்களா, இரத்தம் தேவையா என்று கேட்கவில்லை. எந்த இனம் என்றுதான் கேட்டோம். நானும் கேட்டிருக்கிறேன். பதில் "நம்மட ஆக்கள்" இல்லை என்றால் நெஞ்சு கொஞ்சம் இலேசாகும். இன்று அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. நீங்கள் அப்படிக் கேட்டதே இல்லையென்றால் அல்ஹம்துலில்லாஹ். கேட்டிருந்தால், இந்த மாதம் நான் எழுதுவது நம் இருவருக்குமாகத்தான்.

எங்கள் கடலில் ஒரு வெள்ளைக் கப்பல்

கிண்ணியாத் துறையடியில் நின்றால் எதிரே சீனன்குடா தெரியும். அதற்கப்பால் திருகோணமலைத் துறைமுகம். இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு பொழிந்தன. எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி எரிந்தது. அன்றே மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும், 'வம்பயர்' என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மிஸில் மட்டும் 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மற்றவர்கள் எண்ணெய் படர்ந்த தண்ணீரில் தத்தளித்தார்கள்.

அந்த வழியே 'வீட்டா' என்றொரு கப்பல் வந்தது. அது ஆஸ்பத்திரிக் கப்பல். ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கொழும்புக்குக் கொண்டு சேர்த்தது. இரண்டு பெரிய கப்பல்களைச் சற்று முன்னர்தான் மூழ்கடித்த விமானங்கள் இதைத் தாக்கவில்லை. குறி தவறவில்லை, குறி வைக்கவே இல்லை.

ஏன்? 1907இல் உலக நாடுகள் ஹேக் நகரில் கூடிச் செய்த உடன்படிக்கையின்படி, ஆஸ்பத்திரிக் கப்பலுக்கு வெள்ளை நிறம் பூசி, பச்சைப் பட்டி போட்டு, சிலுவை அடையாளம் இட வேண்டும். அந்த அடையாளத்தைக் கண்டால் எதிரியும் கைவைக்கக் கூடாது. கொலை செய்ய வந்தவன்கூட, காயம்பட்டவனைத் தூக்குகிற கையை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். இந்தச் சட்டம் ஒரு நாளில் பிறந்ததல்ல. அதற்கு நெடுங்காலம் முன்பே பெண்கள் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) நடந்த உஹத் யுத்தத்தை எல்லோரும் அறிவோம். நபி (ஸல்) அவர்களின் முகத்தில் காயம். அலி (ரழி) அவர்கள் தண்ணீர் ஊற்ற, மகள் பாத்திமா (ரழி) அவர்கள் இரத்தத்தைக் கழுவினார்கள். இரத்தம் நிற்கவில்லை. ஒரு பாயை எரித்து, அதன் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள். இரத்தம் நின்றது. அதே களத்தில் ஆயிஷா (ரழி), உம்மு ஸுலைம் (ரழி) ஆகியோர் தோல் பைகளில் தண்ணீர் சுமந்து, காயம்பட்டோரின் வாயில் ஊற்றிவிட்டுத் திரும்ப ஓடி நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்கள் போருக்குப் போய்த் தண்ணீர் கொடுத்ததையும், காயம்பட்டோரை மதீனாவுக்குக் கொண்டுவந்ததையும் அறிவித்திருக்கிறார்கள். உம்மு அதிய்யா (ரழி) அவர்கள் ஏழு யுத்தங்களில் நபியவர்களோடு சென்று சமைத்தார்கள், நோயாளிகளைக் கவனித்தார்கள்.

இவர்களில் ருஃபைதா (ரழி) அவர்களின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அகழ் யுத்தத்தில் ஸஃத் இப்னு முஆத் (ரழி) அவர்களுக்குக் கையில் அம்பு பாய்ந்தபோது, மஸ்ஜிதுந் நபவியில் ருஃபைதாவின் கூடாரத்தில்தான் அவரைச் சேர்த்தார்கள். தலைவர்கள் கூடும் இடத்தில், தொழும் இடத்தில், ஒரு பெண்ணின் சிகிச்சைக் கூடாரம்! பெண்ணுக்கு வைத்தியம் எதற்கு, தாதித் தொழில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

அழுக்கு கொன்றது அதிகம்

இனி ஒரு கசப்பான உண்மை. பழைய யுத்தங்களில் குண்டும் வாளும் கொன்றதைவிட நோய் கொன்றதே அதிகம். 1854இல் கிரிமிய யுத்தம் நடந்தபோது, காயம்பட்ட பிரித்தானியச் சிப்பாய்கள் துருக்கியின் உஸ்குதாரில் ஒரு பெரிய படைமுகாமில் கிடத்தப்பட்டார்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களோடு அங்கே வந்து சேர்ந்தார். சுத்தமான துணி இல்லை. கட்டடத்தின் அடியிலேயே கழிவு தேங்கிக் கிடந்தது. காயத்தோடு வந்தவன் வயிற்றோட்டத்திலும் காய்ச்சலிலும் செத்தான். 1855 மார்ச்சில் சுகாதாரக் குழுவொன்று வந்து கழிவுக் கால்வாய்களைத் துப்புரவாக்கி, காற்றோட்டம் செய்த பிறகே சாவு வேகமாகக் குறைந்தது. நைட்டிங்கேல் பின்னர் அந்தக் கணக்குகளைப் படம் வரைந்து காட்டி, ஆட்சியாளர்களை நம்பவைத்தார்.

1859 ஜூன் 24இல் இத்தாலியின் சொல்பெரினோவில் பெரும் யுத்தம். ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். பக்கத்து ஊரான காஸ்திலியோனேயின் பெண்கள் கோயிலைத் திறந்து, வந்தவர்களையெல்லாம் கிடத்தினார்கள். இவன் எந்தப் படை என்று கேட்கவில்லை. தங்கள் நாட்டின் எதிரிக்கும் அதே தண்ணீர், அதே கட்டு. வியாபார விஷயமாக அங்கே வந்திருந்த ஹென்றி டுனான்ட் என்ற ஜெனீவாக்காரர் அதைக் கண்டு தாமும் இறங்கி உதவினார். அவருடைய முயற்சியில் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே முதல் ஜெனீவா உடன்படிக்கை வந்தது. உஸ்மானியப் பேரரசு 1876இல், தான் செம்பிறையைப் பயன்படுத்துவதாகவும் எதிரியின் சிலுவையை மதிப்பதாகவும் அறிவித்தது. 1912 இறுதியில் டாக்டர் எம்.ஏ. அன்ஸாரி இந்தியாவிலிருந்து ஒரு வைத்தியக் குழுவோடு துருக்கிக்குப் போய், பால்கன் யுத்தத்தில் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தார்.

பார்த்தீர்களா! அந்தக் கப்பலின் வெள்ளை நிறத்துக்குப் பின்னால், "ஆரு ஆக்கள்?" என்று கேட்காத ஒரு சிற்றூரின் பெண்களும் இருக்கிறார்கள்.

மீண்டும் ஒரு கப்பல்

67 ஆண்டுகள் கழித்து எங்கள் துறைமுகம் மீண்டும் காயம்பட்டோரைக் கண்டது. 2009 பெப்ரவரியில், முல்லைத்தீவுக் கரையோரத்தில் சண்டை உச்சத்தில் இருந்தபோது, செஞ்சிலுவைச் சங்கம் 'கிரீன் ஓஷன்' என்ற பயணிகள் கப்பலை வாடகைக்கு எடுத்தது. புதுமாத்தளனில் கப்பல் கரையடைய முடியாது. மீன்பிடிப் படகுகளில் காயம்பட்டோரைக் கடலுக்குக் கொண்டுவந்து கப்பலில் ஏற்றினார்கள். பெப்ரவரி 10ஆம் திகதி 240க்கு மேற்பட்டோர் திருகோணமலைக்குப் புறப்பட்டார்கள். பின்னர் பல தடவை புல்மோட்டைக்கும் கப்பல் போனது. அங்கே இந்திய வைத்தியக் குழு ஒன்று கள ஆஸ்பத்திரி நடத்தியது. மே மாதத்துக்குள் நோயாளிகளும் உடன் வந்தவர்களுமாக ஏறத்தாழ 14,000 பேர் கடல் வழியாக மீட்கப்பட்டார்கள். கையில் குழந்தையோடு தாய்மாரும், பேரப்பிள்ளையைப் பிடித்த கிழவிகளும் அவர்களில் இருந்தார்கள்.

கடலைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற தவிப்பு கிண்ணியாவுக்குப் புதிதல்ல. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை, பிரசவ வலியோடும் பாம்புக்கடியோடும் துறையடியில் 'பாதை' வரும்வரை காத்து நின்றவர்கள் நாங்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் உயிர் இருக்கிறது, இந்தப் பக்கம் நேரம் போகிறது என்ற அந்தத் தவிப்பை அறிந்த நமக்கு, மாத்தளன் கரையில் படகுக்குக் காத்திருந்த தாயின் மனம் புரியாமல் போகுமா?

உங்கள் வீட்டு வாசலில்

யுத்தம் முடிந்துவிட்டது. காயம் முடியவில்லை. வீதி விபத்து, மண்வெட்டி, கண்ணாடி, குசினிக் கத்தி என்று இரத்தம் நம் வாசலுக்கும் வரும். யுத்தகளங்களில் பல உயிர்களைக் கொடுத்து வைத்தியர்கள் கற்ற முதற் பாடம் ஒன்றுதான்: முதல் சில நிமிடங்களில் இரத்தத்தை நிறுத்துங்கள்.

சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி தூக்கிப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால், அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். உள்ளே குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள்; அதன் இரு பக்கமும் அழுத்துங்கள். ஆளைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டு, 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கோப்பித் தூள், மஞ்சள், சாம்பல் எதுவும் காயத்தில் வேண்டாம். "பாத்திமா நாயகி சாம்பல் வைத்தார்களே" என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் கிடைத்தவற்றில் சிறந்ததை, தாமதிக்காமல், தம் கையாலேயே செய்தார்கள். நம் காலத்தில் சிறந்தது சுத்தமான துணியும் ஆஸ்பத்திரியும். அவர்களைப் பின்பற்றுவதென்றால் அந்த வேகத்தையும் துணிவையும் பின்பற்றுவதுதான்.

இன்னொன்று. உங்கள் மகளோ மருமகளோ தாதியாகப் படிக்க விரும்பினால் குறுக்கே நிற்காதீர்கள். முதலுதவி வகுப்பு ஊரில் நடந்தால் நீங்களும் போய் உட்காருங்கள்.

அடுத்த முறை வீதியில் "அடிபட்டுட்டு" என்று சத்தம் கேட்டால், நம் வாயில் வரும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "எங்கே காயம்? துணி கொண்டு வரவா?" என்று வரட்டும். நம்மைப் பார்த்து நம் பிள்ளைகளும் அதையே கேட்கப் பழகட்டும்.

அல்லாஹ் நம் கைகளை ஆறுதல் தரும் கைகளாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.