முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது

கல்முனையில் ஒருவர் வாகனம் பிடித்துக் கொழும்புக்குப் போவது ஒருநாளும் இரகசியமாக இருந்ததில்லை. மஃரிபுக்கு முன் ட்ரைவரோடு பேசி முடித்தால் போதும், இஷாவுக்குப் பிறகு ஒவ்வொருவராக வாசலுக்கு வந்துவிடுவார்கள். "எனக்கொரு இடம் இரிக்கா?" என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. "எத்தன பேர் போறீங்க?" என்றுதான் பேச்சு தொடங்கும். தெமட்டகொடையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு சட்டி எருமைத் தயிர் வரும். வெள்ளவத்தையில் தங்கிப் படிக்கிற பொடியனுக்கு ஒரு பேக் வரும். மருதமுனைச் சாரங்கள் கட்டிய பொட்டலம் ஒன்று, யாருக்கென்று எழுதாமலே வரும். தயிர்ச்சட்டி யாராவது ஒருவர் மடியில்தான் போக வேண்டும். மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறும்போது அதைக் கீழே வைக்க முடியாது.

பஸ் இல்லாமலா என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். இரவு பஸ் இருக்கிறது, நல்ல பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் நாங்கள் கொழும்புக்குப் போகிற காரியங்கள் பஸ்ஸுக்கு அடங்காதவை. ஒப்பரேசன் முடிந்த வாப்பாவைக் கூட்டி வர வேண்டும், கட்டுநாயக்கவில் கட்டார் ஃபிளைட்டுக்கு ஆளை ஏற்ற வேண்டும், அல்லது கலியாணச் சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போக வேண்டும். பெண்கள் வந்தால், வழியில் எங்கே இறங்கலாம் என்பதே தனிக் கணக்கு. ரயிலோ மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதைப் பொத்துவில் வரை நீட்டுவோம் என்ற பேச்சைக் கேட்டே எங்கள் தலைமுறைக்கு நரைத்துவிட்டது.

போகிற வழி மூன்று. மட்டக்களப்பு, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை வழி ஒன்று. 350 கிலோமீற்றர் அளவில் வரும். காரைதீவில் திரும்பிச் சம்மாந்துறை, அம்பாறை, உகணை, மகாஓயா, பதியத்தலாவை, மஹியங்கனை, கண்டி என்று மலையேறிப் போவது இரண்டாவது; கொஞ்சம் குறைவு. பொத்துவில், மொனறாகலை, வெல்லவாய, இரத்தினபுரி என்று ஏ4 பாதையைப் பிடிப்பது மூன்றாவது. கொழும்பில் புறப்பட்டு மட்டக்களப்பில் முடிகிற அந்த ஏ4தான் எங்கள் கடைத்தெருவுக்கு நடுவாலும் போகிறது. எந்த வழியில் போனாலும் ஆறு, ஏழு மணித்தியாலமாவது பிடிக்கும்.

எந்த வழியில் போவது என்பதை எங்கள் ஊரில் தூரம் பார்த்து முடிவு செய்ததில்லை. பயம் பார்த்து முடிவு செய்தோம். 1990 ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வாகனங்களில் போனவர்கள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டார்கள். விடுதலைப் புலிகள் கொண்டுபோன அவர்களில் ஹஜ் முடித்து வீடு திரும்பியவர்களும் இருந்தார்கள். யாரும் வீடு வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீடுகளில் மட்டக்களப்பு வழி என்ற பேச்சே பல காலம் எழவில்லை. தமிழ் நண்பர்களுக்கு வேறு செக்பொயின்ட், வேறு பயம். நாங்கள் நிம்மதியாகக் கடந்த இடங்களில் அவர்களுடைய பிள்ளைகள் இறக்கப்பட்டார்கள். ஆகாயமும் எங்களுக்குக் கைகொடுக்கவில்லை. 2000 செப்டம்பர் 16 அன்று அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃப் கொழும்பிலிருந்து அம்பாறைக்கு வந்த ஹெலிகொப்டர் அரநாயக்க ஊரகந்த மலையில் விழுந்தது. இன்றும் கடுகண்ணாவையைக் கடக்கும்போது வேனில் ஒரு பெரியவராவது அந்தப் பக்கம் கையைக் காட்டாமல் இருக்கமாட்டார்.

யுத்தம் முடிந்தும் பாதை முழுதாக எங்கள் கைக்கு வரவில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கொத்துக்குள் கருத்தடை மருந்து என்று ஒரு கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். மருந்தென்று சொல்லப்பட்டது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பிறகு வந்தது. ஆனால் அதற்குள் மார்ச் முதல் வாரத்தில் தெல்தெனியவும் திகணையும் எரிந்து முடிந்திருந்தன. அம்பாறையும் திகணையும் நாங்கள் கண்டிக்கு ஏறுகிற அதே ரோட்டின் இரண்டு முனைகள். அந்த வருடத்திலிருந்து எங்கள் வேன்களில் சோற்றுப் பார்சல் கூடியது, வழிக்கடைகளில் இறங்குவது குறைந்தது. 2022இல் எண்ணெய் இல்லை. கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்த நாட்களில், ஒரு காரின் பங்கில் கொழும்புக்குப் போகலாம், திரும்ப முடியாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு–அம்பாறை வீதி மாவடிப்பள்ளியில் முழுகி, மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. எங்கள் ஊருக்கு வெளியே போகும் பாதையின் முதல் சில மைலிலேயே அது நடந்தது.

ஆக, துவக்கு, கல்லு, வெள்ளம் என்று எல்லாவற்றுக்கும் பயப்பட நாங்கள் பழகியிருக்கிறோம். இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்ததே, நாங்கள் பயப்படப் பழகாத ஒன்றைப் பற்றித்தான். ட்ரைவருடைய நித்திரை.

ஒரு வழக்கமான ஹயரைப் பாருங்கள். இரவு பத்து மணிக்குப் புறப்படுவோம். பிரயாண துஆவை ஒருவர் சத்தமாக ஓத, மற்றவர்கள் ஆமீன் சொல்வார்கள். சுபஹுக்குக் கொழும்பு. எட்டு மணிக்குக் கிளினிக், பதினொரு மணிக்கு பாஸ்போட் ஒபிஸ், பின்னேரம் புறக்கோட்டை. நாங்கள் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் ட்ரைவர் வெயிலில் பார்க்கிங் தேடிக்கொண்டிருப்பார். கிடைத்தால் சீட்டைச் சாய்த்து, முகத்தில் துவாயைப் போட்டு முக்கால் மணித்தியாலம் கிடப்பார். அதற்குள் ஃபோன் அடித்து "வாங்க, முடிஞ்சிட்டு" என்போம். ஐந்து மணிக்குத் திரும்புவோம். நள்ளிரவு தாண்டி ஊர். அவர் முதல்நாள் காலையில் எழுந்தவர் என்று வைத்துக்கொண்டால் எத்தனை மணித்தியாலம் விழித்திருந்தார் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். இத்தனைக்கும் அவரைப் பேசியபோது நாங்கள் கேட்டது இரண்டே இரண்டு: எவ்வளவு எடுப்பீங்க, ஏசி நல்லா வேலை செய்யுமா.

17 மணித்தியாலம் விழித்திருப்பவருடைய கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 வீதம் மது உள்ளவருடையதைப் போல மந்தப்படுகின்றன என்று 1990களிலேயே ஆய்வு செய்து சொல்லிவிட்டார்கள். 24 மணித்தியாலம் ஆனால் அது 0.10 வீதத்துக்குச் சமம். எங்கள் நாட்டுச் சட்டத்தில் வாகனம் ஓட்டுபவருக்கு எல்லை 0.08. குடித்த ஒருவன் சாவியை எடுத்தால் நம்மில் யாராவது உம்மாவையும் பிள்ளையையும் அந்த வேனில் ஏற்றுவோமா? வாசம் வருகிறது என்ற சந்தேகத்துக்கே ஊரைக் கூட்டிவிடுவோம். நித்திரைக்கு வாசம் இல்லை.

பார்க்கத் தெரிந்தால் அடையாளம் உண்டு. முதலில் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கும். பிறகு காதைச் சொறிவார், தலைமுடியைக் கோதுவார், ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுவார். வேகம் காரணமில்லாமல் எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கி, திடுக்கென்று எழுபதுக்குப் போகும். வெள்ளைக் கோட்டை டயர் தொடும். இந்தக் கட்டத்தில் அவர் "ஒரு பிளேன்டீ குடிப்பமா?" என்று கேட்டால், அது உங்களுக்காகக் கேட்பதல்ல. 60 கிலோமீற்றர் வேகத்தில் நாலு செக்கன் இமை மூடினால் வாகனம் 66 மீற்றர் ஆளில்லாமல் ஓடும். பதினெட்டு வளைவில் எல்லோரும் கலிமாச் சொல்லிக்கொண்டு விழித்திருக்கிறோம், ட்ரைவரும் விழித்திருக்கிறார். வளைவு அவரைத் தூங்க விடாது. என் பயமெல்லாம் மகாஓயாவுக்கும் உகணைக்கும் இடையே நீட்டி நிமிர்ந்து கிடக்கிற ரோட்டில்தான். அதைவிட அம்பாறை தாண்டி வயல்காற்று முகத்தில் பட்டு "வீடு வந்துட்டு" என்று எல்லோரும் தளர்கிற கடைசி அரை மணித்தியாலத்தில்.

யுத்த காலத்தை நான் புகழ வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அன்று இரவில் யாரும் ஓடவில்லை. பகலிலும் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை செக்பொயின்டில் இறங்கி, ஐடென்டிட்டி கார்ட்டைக் கையில் பிடித்து, சாமான்களைக் கொட்டிக் காட்டி, கொஞ்சத் தூரம் நடந்து மறுபக்கம் போய் ஏறினோம். அந்த அவமானத்தின் நடுவே ட்ரைவருடைய கால் நீண்டது, கண் கழுவப்பட்டது. 2009க்குப் பிறகு தடைகளை எடுத்தார்கள், காபட் ரோட் போட்டார்கள். 12 மணித்தியாலப் பயணம் ஆறாகச் சுருங்கியது. மிச்சமான நேரத்தை ட்ரைவருக்குக் கொடுக்காமல், "போன கையோட வந்திரலாம்" என்ற ஒரே நாள் ஹயராக நாங்களே எடுத்துக்கொண்டோம்.

எங்கள் முன்னோர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது. அது கௌரவ இடமல்ல, வேலை. ட்ரைவரோடு கதைத்துக்கொண்டு வர வேண்டும், வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும். இப்போது அந்தச் சீட்டை வீட்டு மருமகனுக்கு மரியாதைக்காகக் கொடுக்கிறோம். சம்மாந்துறை தாண்டுவதற்குள் அவர் குறட்டை விடுகிறார். 2011 முதல் முன்சீட்டுக்குப் பெல்ட் கட்டாயம் என்பதால் விழாமல் தூங்கவும் வசதி.

வாகனப் பேச்சு வந்தால், நிக்கோசியாவில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவரிடம் சைப்பிரஸ் கதை கேட்பது எனக்குப் பிடிக்கும். எங்களைப் போலவே வெள்ளைக்காரன் ஆண்ட தீவு. இன்றும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். எங்களுக்கு மட்டக்களப்போடு முடியும் ரயில், அவர்களுக்கு 1951 கடைசி நாளோடு முழுதாகவே முடிந்துபோனது. அதனால் அங்கே நகரத்துக்கு நகரம் 'சர்வீஸ் டாக்சி' ஓடுகிறது. ஆளுக்கு இவ்வளவு என்று சீட்டுக்கணக்கு. நாலு முதல் எட்டுப் பேர் ஏற்றி, வீட்டு வாசலில் எடுத்து, மற்ற நகரத்தில் சொன்ன இடத்தில் இறக்கிவிடும். கேட்டதும், "இது எங்கட வேன்தானே மனே!" என்றேன். "இல்ல காக்கா," என்றார். "அங்க பொழுதுபட்டா அது ஓடாது. இன்னொண்டு, நிக்கோசியாவில இரிந்து லிமசோலுக்கு எம்பது சொச்சம் கிலோமீற்றர்தான்." கணக்குப் பார்த்தால் நாங்கள் வீட்டிலிருந்து மகாஓயாவுக்குப் போகிற தூரம். அவர்களுடைய பயணம் முடிகிற இடத்தில் எங்களுடையதில் முதல் பிளேன்டீதான் குடித்திருப்போம்.

அந்தத் தீவும் வெட்டுப்பட்டது. 1974இல் பிரிந்த பிறகு, 2003 ஏப்ரலில்தான் பிரிவினைக் கோட்டைத் தாண்டிப் போகவர ஆட்களை விட்டார்கள். இன்றும் தெற்கிலிருந்து காரோடு வடக்கே போனால் கடவையில் தனி இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமாம். வாடகைக் காரென்றால் சிவப்பு நம்பர் பிளேட்; தூரத்திலேயே தெரிந்துவிடும். எங்கள் ஊரில் எது வீட்டுக் கார், எது ஹயர் என்று நம்பர் பிளேட் காட்டாது. லீசிங்கில் எடுத்த வேன், சொந்தப் பாவனை என்று இன்ஷூரன்ஸ். ஆனால் மாதம் முழுக்க ஓடுவது ஹயர். ஒன்றும் நடக்காத வரை அது யாருக்கும் தெரியாது. நடந்துவிட்டால், காசு வாங்கி ஆள் ஏற்றினீர்களா என்ற கேள்வி வரும். அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நாங்கள் எல்லோரும் ட்ரைவருடைய "சொந்தக்காரர்" ஆகிவிட வேண்டும். பொய்ச்சாட்சி சொல்லப் பயந்தவர்கள்கூட அந்த இடத்தில் சாச்சா, மாமா என்று உறவு சொல்லியிருக்கிறார்கள்.

ட்ரைவர்களைக் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய வேனுக்குக் கொடுத்த விலைக்கு அதற்கு முன் காணியே வாங்கியிருக்கலாம். அந்த விலைக்கு லீசிங் கட்டுகிறவர் ஒரு ஹயரை விட்டால் அடுத்த மாதம் வண்டியே இருக்காது.

வருகிற வெள்ளி இரவு எங்கள் குடும்பத்தில் ஒருவர் சவூதிக்குப் போகிறார். ஏற்றிவிட வழக்கம்போல ஒரு வேன் ஆட்கள். பேச வந்த ட்ரைவர் தம்பியிடம் நான் விசாரித்தேன்.

"நேத்து எங்க ஓடின?"

"கட்டுநாயக்க காக்கா. சுபஹுக்குத்தான் வந்த."

"படுத்தயா?"

"ஒரு மணித்தியாலம் கண் அயர்ந்தன். அது போதும்."

காலையில் புறப்படுவோம், ஆளை ஏற்றிவிட்டு நீர்கொழும்பில் உங்களுக்கு ஒரு ரூம் போட்டுத் தாறோம், படுத்து எழும்பிச் சனிக்கிழமை பகலில் திரும்புவோம் என்றேன். வீட்டுப் பெண்கள் "அப்ப நாங்க எங்க படுக்கிற?" என்றார்கள், அது நியாயமான கேள்வி. தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். "ரூம் காச என்ட கையில தாங்க காக்கா, நான் வேனுக்குள்ளேயே படுத்துக்கிறன்" என்றார். காசாகத் தரமாட்டேன், கட்டிலாகத்தான் தருவேன் என்று நான் நிற்கிறேன். அப்படியென்றால் சனிக்கிழமைக்கு வந்த இன்னொரு ஹயர் கைவிட்டுப் போகும், அதற்கு யார் பொறுப்பு என்று அவர் நிற்கிறார். அந்த ஹயரில் பாதியையாவது நாங்கள் கொடுக்க வேண்டிவரும் போலிருக்கிறது. பேச்சு வியாழனுக்குள் முடிய வேண்டும்.