ஆற்றுப்படுத்துபவர் எங்கே?

'கவுன்சலிங்' என்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. நம் பள்ளிகளில் 'ஆலோசனை' என்கிறோம். இலங்கைத் தமிழர் 'உளவளத்துணை' என்பர். மூன்றாவது, 'ஆற்றுப்படுத்துதல்'. எந்தச் சொல்லைக் கொள்கிறோமோ அதற்கேற்பவே செயலும் அமைகிறது என்பதைப் பட்டறிந்தவன் நான்.

கல்லூரிப் பணிக்கு வருமுன் மூன்றாண்டுகள் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவான். அவனை எழுப்பி நிறுத்தி, 'மடியின்மை' அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் ஒப்பிக்கச் சொன்னேன். பிறகு அவன் தாயை வரவழைத்து, தலைமையாசிரியர் முன்னிலையில் அவனுடைய குறைகளை அடுக்கினேன். அந்த அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. மறுவாரம் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. தந்தை படுத்த படுக்கையானபின், இரவு ஒரு மணிவரை புரோட்டாக் கடையில் அவன் வேலை பார்த்துவந்ததைச் சக மாணவர்கள் அதன்பிறகே சொன்னார்கள். "ராத்திரி எத்தனை மணிக்குடா தூங்குறே?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை; ஆலோசனைதான் சொன்னேன்.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றில் பாணரையும் பொருநரையும் கூத்தரையும் வழிப்படுத்துபவன் ஊர்ப் பெரியவன் அல்லன். அதே வறுமையில் உழன்று, அதே வழியில் நடந்து, பரிசில் பெற்று மீண்டவன். அவன் எதிர்ப்பட்டவனின் வறுமைக்குக் காரணம் கற்பிப்பதில்லை. எங்கே போகவேண்டும், எவ்வழியே போகவேண்டும் என்பதைச் சொல்கிறான். மலைபடுகடாத்தில் நன்னனின் புகழுக்கு ஈடாக, வழியில் உள்ள பாம்பும் வழுக்குப் பாறையும் கவண் கல்லும் இடம்பெறுவது இதனால்தான்.

பள்ளிக்கு வேண்டிய ஆற்றுப்படுத்துநரின் இலக்கணமும் இதுவே என்பது என் துணிபு. அவர் வழி அறிந்தவராக இருக்கவேண்டும்: குடும்பத்துக்கு எந்த உதவித்தொகை கிடைக்கும், 1098 என்ற எண்ணை எப்போது அழைப்பது, எந்த நிலையில் மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்பவை அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். வழியின் இடரையும் அவர் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். மாணவர் சொல்வது காக்கப்படும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ, பாலியல் கொடுமை என்றாலோ அதை மறைக்க இயலாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. இதைச் சொல்லாமல் 'ரகசியம் காப்பேன்' என்று வாக்களிப்பது பின்னால் துரோகமாக முடியும்.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவரேனும் இருக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மாணவரைப் பலர் முன் அவமானப்படுத்துவதைத் தவிர்க்கவும் அது சொன்னது. அதைப் படித்தபோது தலைமையாசிரியர் அறையில் தலைகுனிந்து நின்ற அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

"எங்கள் காலத்தில் ஆசிரியரே எல்லாமாக இருந்தார்" என்பவர்கள் உண்டு. மாணவரின் வாட்டத்தை முதலில் காண்பவர் ஆசிரியர்தான், மறுக்கவில்லை. ஆனால் மதிப்பெண் போடுபவரிடமும் பெற்றோரை அழைப்பவரிடமும் ஒரு பிள்ளை எவ்வளவு சொல்லும்? அறிவியல் ஆசிரியர் ஒருவருக்கே 'ஆலோசகர்' என்ற கூடுதல் பொறுப்பைக் கொடுத்து ஏட்டை நிரப்பிவிட்டால், நெறிமுறை நிறைவேறும். பிள்ளை வாய் திறக்காது.

இதைப் படிப்பவர்களில் ஆசிரியர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் இருக்கிறாரா, தலைமையாசிரியர் அறையைக் கடக்காமல் ஒரு மாணவர் அவரிடம் போகமுடிகிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையெனில் நிர்வாகத்திடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் கேளுங்கள். என் மாணவனுக்கு இன்று முப்பத்தைந்து வயதிருக்கும். அன்று அவன் வீட்டைத் தேடிப் போகவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.