நாட்டு எல்லையில் நிற்கும் சட்டம். காட்டு விளிம்பில் தோற்கும் பறவைகள்

புது தில்லி: திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெருவில் காகமும் மைனாவும் அந்நியப் பறவைகள் அல்ல. மனிதர் சிந்தும் தானியத்திலும் எறியும் கழிவிலும் வாழப் பழகியவை அவை. ஆனால், அங்கிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள பொன்முடி மலையின் சோலைக்காடுகளுக்கு அவை அந்நியமானவையே. இந்த வேறுபாட்டுக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை.

நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய வன உயிரினப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. "ஆக்கிரமிப்பு அந்நிய உயிரினம்" என்பதற்கு இச்சட்டம் விளக்கம் தருகிறது. இந்தியாவுக்கு உரியதல்லாத, இங்கு நுழைந்தாலோ பரவினாலோ வன உயிரினங்களுக்கும் அவற்றின் வாழிடத்துக்கும் கேடு விளைவிக்கக்கூடிய விலங்கும் தாவரமுமே இவ்வகையில் அடங்கும். அவற்றின் இறக்குமதி, வர்த்தகம், உடைமை, பெருக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவோ தடை செய்யவோ 62ஏ பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது.

"இந்தியாவுக்கு உரியதல்லாத" என்ற சொற்களில்தான் சிக்கல் உள்ளது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அந்தமானுக்குக் கொண்டு செல்லப்பட்ட மைனாவும் புள்ளிமானும் அத்தீவுகளின் இயல்பான உயிரினங்கள் அல்ல. புள்ளிமான்கள் இளங்கன்றுகளை மேய்வதால் தீவுக் காடுகளின் மறுவளர்ச்சி தடைபடுகிறது. எனினும், இரண்டும் இந்தியப் பெருநிலப்பரப்புக்கு உரியவை என்பதால் 62ஏ பிரிவு அவற்றைத் தீண்டாது.

உலக அளவில் இந்தியப் பறவைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் மூன்று பறவைகளே உள்ளன. அவற்றில் மைனா, கொண்டைக்குருவி ஆகிய இரண்டும் இந்தியாவில் எங்கும் காணப்படுபவை. இந்தியக் காகங்கள் 10 லட்சத்தை ஒழிக்கும் திட்டத்தைக் கென்யா 2024-ல் அறிவித்தது.

போட்டி நிகழும் விதம்

மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடைந்து பொந்து அமைக்கும் திறன் மைனாவுக்கு இல்லை. கிடைக்கும் பொந்தை அது கைப்பற்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலச்சிறகுக் கிளி, மலை மைனா போன்றவையும் மரப்பொந்துகளையே நம்பியுள்ளன. காகத்தின் வழி வேறு. அது பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்ணும்.

அடர்ந்த, தொடர்ச்சியான காட்டுக்குள் இவ்விரண்டும் எளிதில் நுழைவதில்லை. தோட்டம், சாலை, குடியிருப்பு ஆகியவற்றால் காடு துண்டாடப்படும்போது அதன் விளிம்பு நீள்கிறது. விளிம்பு நீள நீள, ஊர்ப் பறவைகளுக்கு நுழைவாயில் பெருகுகிறது.

மைனாவால் ஆஸ்திரேலியப் பறவைகளுக்கு ஏற்படும் பாதிப்பை அந்நாட்டுத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கான்பெரா நகரில் ஆராய்ந்தனர். நீண்டகாலக் கணக்கெடுப்புகளின் அடிப்படையில் 2012-ல் வெளியான அந்த ஆய்வில், மைனா பெருகிய இடங்களில் கூக்கபுரா உள்ளிட்ட சில பொந்துவாழ் பறவைகள் குறைந்தது தெரியவந்தது. மரங்கள் அடர்ந்த பகுதிகளில் மைனா குறைவு என்பதையும் அக்குழுவினர் கண்டறிந்தனர். காட்டின் அடர்த்தியே முதல் அரண் என்பது இதன் பொருள்.

அகத்தியமலைத் தொடரில் இதன் முக்கியத்துவம் அதிகம். கிளி இனத்தைச் சேராத சிறு பறவையான அசம்பு சோலைக்கிளி, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள இம்மலைகளில் மட்டுமே வாழ்கிறது. அது தனி இனம் என்பது 2017-ல்தான் அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அசம்பு சிரிப்பானின் வாழிடமும் இம்மலைகளே. உயரமான சோலைக்காடுகளைச் சார்ந்த இப்பறவைகளுக்கு, ஒரு துண்டு காட்டை இழந்தால் குடியேற வேறு மலை இல்லை. பொன்முடி, போனக்காடு பகுதிகளில் தேயிலைத் தோட்டங்கள் ஏற்கெனவே காட்டை ஊடறுத்துள்ளன. சுற்றுலாப் பயணிகள் விட்டுச்செல்லும் உணவுக் கழிவு, காகத்துக்கு விடுக்கும் அழைப்பாகும்.

திறந்துள்ள மற்றொரு வழி

வெளிநாட்டிலிருந்து வரும் பறவைகள் விஷயத்திலும் கண்காணிப்பு முழுமையாக இல்லை. சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட விலங்குகளை வளர்ப்போர் பதிவு செய்வதற்கான விதிகளை 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்டது. ஆனால், செல்லப்பிராணிக் கடைகளில் அதிகம் விற்கப்படும் பட்ஜரிகர், காக்கட்டீல் ஆகியவை அக்கட்டுப்பாட்டுப் பட்டியலிலேயே இல்லை. கூண்டிலிருந்து தப்பிய பறவைகள் பெருகுவது கற்பனை அல்ல. லண்டன் பூங்காக்களில் இன்று கூட்டமாகப் பறக்கும் பச்சைக்கிளிகள் கூண்டுப் பறவைகளின் வழித்தோன்றல்களே.

கொல்வது தீர்வாகுமா?

சட்டத்தின் விளக்கத்தை விரிவாக்கினால் உள்நாட்டுப் பறவைகளை வேட்டையாட வழி பிறக்கும் என்ற அச்சம் நியாயமானது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைத் தீங்குயிரியாக அறிவிக்குமாறு கேரள அரசு விடுத்த கோரிக்கையை மத்திய அரசு ஏற்க மறுத்ததும் இதுபோன்ற விவாதத்தை எழுப்பியது. ஆனால், 2022 திருத்தம் வரும் வரை காகம் தீங்குயிரிகளின் அட்டவணையில்தான் இருந்தது. அதனால் அதன் எண்ணிக்கை கட்டுப்பட்டுவிடவில்லை. குப்பை குறையாமல் காகம் குறையாது.

எனவே, தேவைப்படுவது துப்பாக்கி அல்ல, வரையறை. ஓர் உயிரினம் நாட்டுக்கு உரியதா என்று கேட்பதோடு நில்லாமல், அந்தந்தத் தீவுக்கும் மலைக்கும் உரியதா என்றும் சட்டம் கேட்க வேண்டும். வன உயிரினப் பாதுகாப்பு 1976 முதல் பொதுப்பட்டியலில் உள்ளது. அவ்வாறிருக்க, அறிவிக்கை வெளியிடும் அதிகாரத்தை மத்திய அரசிடம் மட்டும் குவித்திருப்பது மறுபரிசீலனைக்கு உரியது. எந்தப் பறவை எங்கு உள்ளது என்ற விவரம் இல்லை எனக் கேரளம் கூற முடியாது. 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின் பயனாகப் பறவை வரைபடத் தொகுப்பு அம்மாநிலத்திடம் உள்ளது.

ஆக்கிரமிப்பு உயிரினங்களின் வருகையையும் நிலைபெறுதலையும் 2030-க்குள் பாதியாகக் குறைப்பதாக 2022-ல் உலக நாடுகள் மான்ட்ரியலில் ஒப்புக்கொண்டன. இந்தியாவும் அதில் ஒன்று. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் மட்டும் காவல் வைத்து அந்த இலக்கை எட்ட இயலாது. காவல் தேவைப்படும் எல்லை, பொன்முடிக்குச் செல்லும் சாலையின் ஓரத்திலும் உள்ளது.