வளராத பிள்ளையும் வாளாவிருக்கும் அரசும்

பிள்ளையின் உயரம் பெற்றோரின் வீட்டுக் கவலை என்று எண்ணுவோர் இந்நாட்டிற் பலர். அது அரசு பொறுப்பேற்க வேண்டிய விடயமுமாகும் என்பதே நமது கருத்து.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி வளர்ச்சி ஓமோனைப் போதியளவு சுரக்காவிடில் பிள்ளையின் வளர்ச்சி குன்றும். நாலாயிரம் முதல் பத்தாயிரம் பிள்ளைகளுள் ஒருவருக்கு இக்குறைபாடு உண்டென மருத்துவர் கணிப்பர். நோவில்லை, காய்ச்சலில்லை. சென்ற வருடம் தைத்த காற்சட்டை இவ்வருடமும் அளவாயிருக்கும். பெரும்பாலும் அதுவே அடையாளம். “தகப்பனும் கட்டைதானே”, “பிந்தி வளருவான்” என உற்றார் ஆறுதல் கூறுவர். பெற்றோராகிய நாமும் அதை நம்பவே விரும்புகிறோம். பலரிடத்தில் அது மெய்யாவதும் உண்டு. எவரிடத்தில் மெய்யாகாது என்பதை அளவுகோலே முதலிற் கூறும். நாலு வயதின் பின், பருவமடையும் வரை, வருடத்துக்கு ஏறக்குறைய 5 சென்ரிமீற்றரேனும் வளராத பிள்ளையை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

மருந்து இல்லையா? உண்டு. இறந்தோரின் சுரப்பியிலிருந்து எடுத்த ஓமோனால் ஓர் இளைஞனை வளரச் செய்ததை, 1958இல் அமெரிக்க மருத்துவர் மொறிஸ் றேபன் வெளியிட்டார். அவ்வகை மருந்தினால் மூளையை அழிக்கும் கொடிய நோய் தொற்றியமை 1985இல் வெளிப்பட்டது. அதே ஆண்டில், ஆய்கூடத்தில் ஆக்கப்பட்ட ஓமோன் அமெரிக்காவிற் புழக்கத்துக்கு வந்தது.

அவ்வாறாயின் குறை எங்கே? முதலாவது, அளப்பதில். பாடசாலை வைத்தியப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் வகுப்புகளில் நடைபெறுகிறது. இடையில் மூன்று வருடங்கள்! பருவம் தப்பிய பயிருக்கு நீர் பாய்ச்சிப் பயனில்லை என்பதை நமது கமக்காரர் அறிவர். எலும்பின் வளர்முனை மூடியபின் எந்த ஊசியும் உயரத்தைத் தராது.

இரண்டாவது, மருந்தைப் பேணுவதில். நாள்தோறும், வருடக்கணக்காக, பெரும்பாலும் பெற்றோரே தம் கையால் ஏற்றும் ஊசி அது. 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கப்படல் வேண்டும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் நிலவியது. மின்சாரமோ ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை தடைப்பட்டது. பேலியகொடைச் சந்தையில் மீனுக்கு ஐஸ் உண்டு. சந்தைக்கு அருகே, குளிர்ப்பெட்டியில்லாத வீட்டில் வாழும் தாய் இம்மருந்தை எங்கே வைப்பாள்? அவளுக்காவது பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அண்மையில் இருக்கிறது. பேலியகொடைக்கு மரக்கறி அனுப்பும் தூரத்துக் கமக்காரனின் பிள்ளைக்கு?

நாம் கேட்பவை மூன்று. ஒவ்வொரு பாடசாலையிலும் வருடந்தோறும் உயரம் அளந்து பதியப்படல் வேண்டும். சுவரில் ஓர் அளவுகோலும் பொறுப்புள்ள ஓர் ஆசிரியரும் அதற்குப் போதும். இவ்வூசி மாகாண வைத்தியசாலைகளிலும் இலவசமாக, தடையின்றிக் கிடைத்தல் வேண்டும். குளிர்ப்பெட்டியில்லாத குடும்பத்தின் மருந்தை அயலிலுள்ள அரசாங்க மருந்தகம் பேணிக் கொடுத்தல் வேண்டும்.

இவை பெருஞ்செலவெனச் சிலர் கூறக்கூடும். தேவைப்படும் பிள்ளைகள் சிலரே. ஆதலால் நாட்டுக்கு அது சிறு செலவு. தனியொரு குடும்பத்துக்கோ அது காணியை ஈடு வைக்கும் செலவு. இலவச வைத்தியம் என்னும் கொள்கை பின் எதற்காக?

வைத்தியர்களும் ஆசிரியர்களும் இதனை எடுத்துரைக்க வேண்டும். நமது பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் இதனைக் கேட்பார்களா?